காலிக் கட்டத்தின் எண்

இணையதளங்களில் சேர்க்க நான் எழுதும் ப்ளகின் நிரல் எதையும் இரண்டு முறை சோதிக்காமல் கொடுத்ததில்லை சார். கொடுத்த பிறகும் சந்தேகம் இருக்கும். வில்லியனூரில் கம்ப்யூட்டர் மாலை வகுப்பில் சேர்ந்ததிலிருந்தே அப்படித்தான்.

பாகூரில் உரக்கடை வைத்திருக்கும் தணிகைவேல், பாம்பு கடித்தவர்களுக்காக இலவச வண்டி விட்டார். அதற்கான இணையதளத்தை நான் செய்தேன். 'வண்டியை அழைக்க' என்ற பொத்தானைத் தொட்டால் எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்பதை, செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு கட்டத்தில் சேமிக்க வேண்டும். பொத்தான் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டத்தில் போய்ப் பார்க்கும். அது காலியாக இருந்தால் எந்த எண்ணை எடுக்க வேண்டும் என்பதையும் நிரலிலேயே எழுதி வைப்போம். நான் சோதனைக்காக என் பழைய போன் எண்ணை எழுதியிருந்தேன்.

தொடக்க விழாவில் அவர் தன் அக்கா மகன் முத்துக்குமாரை மேடையேற்றி, "இத்த செஞ்சது நம்ம பையன்தான்" என்று சால்வை போட்டார். கீழே நின்ற என்னிடம், "இன்னாமா பாத்துக்கினு நிக்கிற, காபி எடுத்தாந்து குடு" என்றார். கொடுத்தேன். எல்லோருக்கும் வந்ததா என்றும் பார்த்தேன்.

மறுநாள் கட்டத்திலிருந்த அவர் எண்ணை அழித்துச் சேமித்தேன். கோபத்தில் செய்ததாக எழுதாதீர்கள். கோபத்தில் செய்தால் கை தவறும். வண்டி வரவில்லை என்று நாலு பேர் அவரைக் கடை வாசலில் நிறுத்திக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பொத்தானைத் தொட்டேன். என் பழைய போன் அடித்தது.

கரும்பு வெட்டு தொடங்கிய வாரம், மதியத்தில் அது மறுபடி அடித்தது.

"மடுகரை கரும்புக் கொல்லைலேர்ந்து உலகநாதன் பேசறேங்க. வூட்டுக்காரிய பாம்பு கட்ச்சிட்ச்சி. வண்டி அனுப்புங்க."

"வண்டி கெளம்பிடுச்சி. அங்கயே இருங்க" என்றேன்.

சற்று நேரத்தில் மறுபடி கூப்பிட்டார். "இன்னும் காணமேம்மா. பைக்ல வச்சித் தூக்கினு போயிடட்டுமா?"

"வேணாம், உடம்பு ஆடக் கூடாது. இதோ வந்துடும்."

அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை.

சாயங்காலம் மடுகரையிலிருந்து வந்தவர்கள் உரக்கடை ஷட்டரை உடைத்தார்கள். தணிகைவேல் சட்டை கிழிந்து நின்றார். எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அந்தப் பெண்ணின் பெயர் செல்வகுமாரி என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். நான்தான் அவளைக் காக்க வைத்துச் சாகவிட்டேன். மறுக்கவில்லை. ஆனால் இந்த வாக்குமூலத்தில், இணையதளத்தைச் செய்தது முத்துக்குமார் என்று எழுதியிருக்கிறீர்கள் சார். அதை மட்டும் திருத்திக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.