எல்லாருக்கும் சிவப்பு அங்கி

...நீங்களே சொல்லுங்க சார், பொம்மைச் சிப்பாய்க்கு அங்கி போட்டா அது ஒரு குத்தமா? டைஸைப் போடுங்க, போட்டுக்கிட்டே கேளுங்க. அதோ, கடைசி மேஜைல வாயெல்லாம் பல்லா நிக்கறானே, அவன் என் மச்சான். வீட்டுக்காரியோட தம்பி. இந்தப் பொம்மைச் சண்டை கிளப்புக்கு அவன்தான் கேப்டன். இன்னைக்கு உங்ககிட்ட தோத்தா டீம்ல எனக்கு இடம் கிடையாதுன்னுட்டான். எல்லார் முன்னாடியும்!

ஆரம்பிச்சு வெச்சதே அவன்தான். "மாமா, உங்க படையைப் பின்னாலேருந்து பாத்தா சகிக்கல"ன்னான். முதுகுல பெயின்ட் சரியா ஏறல, ஒத்துக்கறேன். சுண்டுவிரல் உசரம்கூட இல்லாத பயலோட முதுகை யாரு பாக்கப் போறான்னு விட்டுட்டேன். இவன் பாத்துட்டான்! வேற வேலை?

சரி, அங்கி போட்டு மறைச்சிடலாம்னு உக்காந்தேன். டிஷ்யூ பேப்பரைத் துணுக்கா வெட்டி, தண்ணி கலந்த பசைல முக்கி, இடுக்கியால தூக்கித் தோள்ல போர்த்தணும். சொல்றதுக்கு சுலபம்! முக்கினதும் அது பேப்பராவா இருக்கு? கொழகொழன்னு கையோட வந்துடுது. முதல் ஆளுக்குப் போடறதுக்குள்ள என் விரலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. வீட்டுக்காரி கதவைத் திறந்தா, பாத்தா, அப்படியே சாத்திட்டுப் போயிட்டா. திட்டியிருந்தாகூட மனசு ஆறியிருக்கும் சார்.

நகத்துங்க, நீங்க பாட்டுக்கு நகத்துங்க.

முதல்ல ராஜாவுக்கு மட்டும்தான் போடறதா இருந்தேன். மடிப்பு விட்டு, செக்கச்செவேல்னு பெயின்ட் அடிச்சதும்... அடடா! கண்ணு பட்டுடும் போல இருந்தான். அப்புறம் பக்கத்துல நிக்கறவனைப் பாத்தா மனசு கேக்கல. ராஜா ஜம்முனு போர்த்திக்கிட்டு நிப்பான், இவன் குளிர்ல வெடவெடன்னு நின்னுக்கிட்டே உயிரைக் குடுக்கணுமா? வயிறு எரியாது? அவனுக்கும் போட்டேன். கொடி பிடிக்கறவன், முரசு அடிக்கறவன், சமையல்காரன், கால் ஒடிஞ்சு டப்பாவுல கிடந்தவன், ஒருத்தனை விடல. அதே சிவப்பு, அதே மடிப்பு. கிரீடம் மட்டும் துருத்திக்கிட்டு அசிங்கமா இருந்துச்சு, அதுக்கும் ஒரு முக்காடு. அப்புறம் எல்லாருக்கும் முக்காடு! சமத்துவம்னு மேடைல பேசினா ஆச்சா, செஞ்சு காட்ட வேணாமா?

அதுக்கு மச்சான் என்ன சொன்னான் தெரியுமா? தீயணைப்பு வண்டி கவுந்த மாதிரி இருக்காம். பொறாமை சார், சுத்தப் பொறாமை!

ஒரே ஒரு சங்கடம். காத்துல பறக்கற மாதிரி அங்கியை விரிச்சு விட்டேனா, ரெண்டு பேரைப் பக்கத்துல பக்கத்துல நிக்க வைக்க முடியல. ஒட்டி நின்னாத்தானே ஒரு வரிசைன்னு கணக்கு, சேர்ந்து சண்டை போட முடியும்? அதான் ஒவ்வொருத்தனா அனுப்பறேன். இப்ப எடுத்தீங்களே, அவன் மாதிரி. போனா போறான்! ராஜா விழுந்தாத்தானே ஆட்டம் முடியும்? அவன் முரசுக்காரன் பின்னாடி பத்திரமா...

என்ன எழுந்துட்டீங்க? கை எதுக்குக் குடுக்கறீங்க? அட, ராஜா இங்க இருக்கான் சார். உக்காருங்க, முக்காட்டைப் பிச்சே காட்டறேன்.

...கிரீடத்தைக் காணோமே. இவன் சமையல்காரன்ல?

அப்ப நீங்க எடுத்தது? ஆட்டம் ஆரம்பிக்கும்போது "இவர்தான் எங்க மகாராஜா"ன்னு நானேவா தொட்டுக் காட்டினேன்? அப்பலேருந்து அவனையேவா பாத்துக்கிட்டு இருந்தீங்க? அதான் வாயே திறக்கலையா! என் கையாலயே மூடி, என் கையாலயே உங்ககிட்ட அனுப்பி வெச்சிருக்கேனே, பாவி! எனக்கு அழுகையா வருது சார், நிமிந்து உங்க மூஞ்சியைப் பாக்கவே முடியல. ஒரு உதவி பண்ணுங்க, என் மச்சான்கிட்ட மட்டும் இப்போதைக்குச் சொல்லாதீங்க. அந்தக் கழுதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கும். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்... சார்?

மச்சான்... நீயா? அவர் இடத்துல எப்பப்பா வந்து உக்காந்தே?