எறும்பின் நாக்கு

"ஹலோ... ஹலோ அண்ணா... ஆமா, ஆமா, நான்தான்... ஐயையோ, வைக்காதே, வைக்காதே! ஒரே ஒரு விஷயம். எங்க வச்சிருக்கே?... எதுவா? நல்லா கேட்டே போ. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருத்தி இப்படி மூச்சு வாங்கப் பேசறாளே, எதுக்காக இருக்கும்? சிப்ஸுக்காகத்தான்! மிளகாய் சிப்ஸ்!"

பேசியவள் பிஸ்கட் தொழிற்சாலையில் ஆறு வருஷமாகப் பெட்டி அடுக்குகிறவள். சின்ன வயதில் சர்க்கரை டப்பாவை எங்கே ஒளித்து வைத்தாலும் மோப்பம் பிடித்துப் போய் நின்றதால், வீட்டில் அவளுக்கு எறும்பு என்றே பெயர். இப்போது மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறாள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அரிசி டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"ஆமா... ஆமா, நான்தான் சொன்னேன். அழுதாலும் சொல்லாதே, கால்ல விழுந்தாலும் சொல்லாதேன்னு நானேதான் சொன்னேன். ஆனா அது காலையில அண்ணா. காலையில பேசினவ வயிறு முட்ட ரொட்டியைத் தின்னுட்டுப் பேசினா. அவளுக்கு என்ன தெரியும் என் கஷ்டம்? அவ பேச்சையெல்லாம் ஒரு பேச்சுன்னு எடுத்துக்கலாமா?... சத்தியமா? சத்தியம் வேற வாங்கினேனா? அடிப்பாவி!"

அந்த அடிப்பாவி தன்னையேதான்.

விஷயம் விளையாட்டு இல்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தொழிற்சாலையின் ருசி அறையில் அவளுக்குத் தேர்வு. முன்னால் மூன்று தட்டு வைப்பார்கள். இரண்டில் ஒரே பிஸ்கட், ஒன்றில் மட்டும் ஏதோ ஒரு சின்ன வித்தியாசம் இருக்கும். உப்பு ஒரு சிட்டிகை கூடியிருக்கலாம், வெண்ணெய் ஒரு வாரம் பழசாக இருக்கலாம். எது வேறு, ஏன் வேறு என்று நாக்கு சொல்ல வேண்டும். இப்படிப் பன்னிரண்டு முறை. தேறினால் ருசி அறையில் ஒரு நாற்காலி. தேறாவிட்டால் ஆயுசுக்கும் பெட்டி அடுக்க வேண்டியதுதான், ஏனென்றால் ஒருவருக்கு மூன்று வாய்ப்புக்கு மேல் கிடையாது. இரண்டை எறும்பு ஏற்கெனவே கோட்டை விட்டிருந்தாள். இரண்டாவது முறை, முந்தின நாள் ஒரு பெரிய பாக்கெட் மிளகாய் சிப்ஸை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டுப் போனாள். மூன்று தட்டும் அவளுக்கு அட்டையைப் போல ஒன்றாகவே இருந்தன.

அதனால்தான் முந்தின நாளே அண்ணனிடம் சொல்லி வைத்து, அன்று காலை அவனை வரவழைத்து, வீட்டில் இருந்த சிப்ஸை ஒளித்து வைக்கச் சொன்னாள். தூக்கிப் போட வேண்டியதுதானே என்று கேட்டால் அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தாள். வீட்டில் இல்லை என்று தெரிந்தால் கால் தானாகக் கடைக்குப் போய்விடும். இருக்கிறது என்று தெரிந்தால் மனசு அடங்கிக் கிடக்கும். மனசு பகல் ஒரு மணி வரை அடங்கித்தான் கிடந்தது.

"கடைக்கா? போனேனே! நாலு மணிக்கே போனேன். கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? 'நாளைக்குப் பத்து மணிக்கு மேல வாம்மா, ரெண்டு பாக்கெட்டாவே தர்றேன்'னு சொல்லி அனுப்பிட்டார்!... நீதானா? நீதான் சொல்லி வச்சியா? தெருவுல என் மானத்தை வாங்கிட்டியேடா பாவி... இல்ல, 'டா' போடல, வாய் தவறிடுச்சு... யாரு அங்க சிரிக்கிறது? அண்ணியா? ஓஹோ, ஸ்பீக்கர்ல போட்டு ரெண்டு பேரும் கூத்து பாக்கறீங்களா? நல்லா இருங்க... அண்ணி, நீங்களாவது சொல்லுங்க அண்ணி. நீங்க தங்கம்... சரி, தங்கமும் சொல்லாதாம்."

அரிசி டின்னில் இல்லை. எறும்பு கையை உதறிக்கொண்டு எழுந்தாள். காலையிலிருந்து உள்ளே போனது பாலும் வெறும் ரொட்டியும் வெள்ளரிக்காயும்தான். நாக்கு மட்டும் தனியாக ஒரு பிள்ளையைப் போல அடம் பிடித்துக்கொண்டிருந்தது.

"சரி, நீ சொல்லவே வேண்டாம். சத்தியம் சத்தியமாவே இருக்கட்டும். நான் ஒவ்வொரு இடமாச் சொல்றேன், நீ சும்மா மூச்சு விட்டுக்கிட்டு இரு, போதும்... பரண்?... துணி பீரோ?... ஃப்ரிட்ஜுக்குப் பின்னால?... ம்... பழைய சூட்கேஸ்?... அண்ணா, இப்போ நான் படுக்கை அறைக்குள்ள வந்துட்டேன். கட்டிலுக்கு அடியில?... கதவுக்குப் பின்னால?... ஆங்! இருமினே! எதுக்கு இருமினே? உனக்குச் சளியும் இல்ல, ஒண்ணும் இல்ல!"

கதவுக்குப் பின்னால் ஒரு நீளப் பை சாத்தியிருந்தது. உள்ளே, உடற்பயிற்சி செய்வதற்கென்று இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கிய பாய். வாங்கிய நாளோடு சரி, ஜிப்பைத் திறந்ததே இல்லை.

"நீ படு கெட்டிக்காரன் அண்ணா. இந்த ஜென்மத்துல நான் தொடாத இடமாப் பாத்து வச்சிருக்கே!... இருக்கு! இருக்கு! சிவப்பு பாக்கெட்! ஐயோ என் ராஜா, என் கண்ணு... உன்னை இல்ல, பாக்கெட்டைச் சொல்றேன்."

சின்னப் பெண்ணைப் போல அறைக்குள் இரண்டு சுற்று சுற்றி, கட்டிலில் தொப்பென்று விழுந்தாள். பாக்கெட் மடியில் இருந்தது. அதைத் தடவினாள், காதருகே வைத்துக் குலுக்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, திறக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா... ஏன் கத்தாம இருக்கே? கத்து. 'வை கீழே'ன்னு ஒரு அதட்டுப் போடு... என்னது? தின்னுக்கோவா? நீயா சொல்றே?... நாளைக்கு மறுபடியும் மூணு தட்டும் ஒண்ணாத் தெரிஞ்சா என்ன செய்யறது? எனக்குப் பயமா இருக்கு அண்ணா. நிஜமாவே பயமா இருக்கு. இன்னும் இருபது வருஷம் அந்தப் பெட்டியை அடுக்க என்னால ஆகாது... ஒண்ணே ஒண்ணு? ஒரு ஓரம்? ஓரத்துல என்ன பெரிய காரம் இருந்துடப் போகுது..."

பயம் ஒரு பக்கம் இருக்க, கை தன் வேலையைப் பார்த்தது. பாக்கெட் கிழிந்தது. ஓரம் என்று சொன்னவள் முழுசாக ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நறுக், நறுக். மூடிய கண் படக்கென்று திறந்தது.

"அண்ணா, இது மிளகாய் சிப்ஸ் இல்ல... பேசாதே, ஒரு நிமிஷம் பேசாதே... உப்புத் துளிகூட இல்ல. காரத்துக்கு வாசனைகூடக் கிடையாது. கிழங்கு கத்தியால சீவினது, ஒரு பக்கம் மொத்தமா, ஒரு பக்கம் காகிதமா இருக்கு. என் பாக்கெட்டை எடுத்துட்டுப் போயிட்டு, வேற பாக்கெட் வாங்கிக் கொட்டி, இதைப் போட்டு நிரப்பி வச்சிருக்கே! வாயை எப்படி ஒட்டினே?... இஸ்திரிப் பெட்டியாலயா?... யாரு வறுத்தது?... நீயா? நீயே உக்காந்து சீவி, நீயே வறுத்தியா? ராத்திரியேவா?... கண்டிப்பாத் தேடிக் கண்டுபிடிச்சுடுவேன்னு தெரியுமா? அவ்வளவு நம்பிக்கையா என் மேல?"

சுடுதண்ணீர்கூட வைக்கத் தெரியாது என்று எல்லோரும் நினைத்திருந்த அண்ணன். அவள் தோற்றுவிடக் கூடாது என்று அடுப்படியில் நின்றிருக்கிறான். எறும்புக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, சிரிப்புதான் ஜெயித்தது.

"அண்ணா, நாக்கு முழிச்சிருக்கு அண்ணா! எல்லாம் தெரியுது! இரு, இன்னொண்ணு போட்டுக்கறேன். உப்பில்லாததுதானே, ஒண்ணும் ஆகாது... கேளு. கடலை எண்ணெய்... சரியா? சரிதானே! எனக்குத் தெரியும்! இன்னும் கேளு. இது புது எண்ணெய் இல்ல, ஏற்கெனவே காஞ்ச எண்ணெய். இதுல முன்னாடி வேற என்னமோ வறுத்திருக்கு... சொல்லிடறேன், சொல்லிடறேன்... மிளகு... எலுமிச்சை... மீன்! மீன் வறுத்த எண்ணெய்!... சரியா அண்ணா?... அண்ணா?"

நாலு மாதத்துக்கு முன்னால் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்து, இனி எண்ணெயில் பொரித்த எதையும் தொடவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அண்ணி மீனை ஆவியில் வேகவைத்துத்தான் கொடுக்கிறாள். அண்ணனும் நல்ல பிள்ளையாகச் சாப்பிட்டுவிட்டு, இதுதான் உடம்புக்கு நல்லது என்று வருகிறவர்களிடமெல்லாம் உபதேசம் செய்கிறான். எறும்புக்கு இது நினைவுக்கு வருவதற்குள் வார்த்தை வாயை விட்டுப் போய்விட்டிருந்தது.

"அண்ணி... ஆமா அண்ணி, கேக்குது... என்ன எண்ணெய்னு சொன்னார் உங்ககிட்ட? புதுப் பாட்டில் உடைச்சேன்னா?... அது வந்து... அப்படித்தான் இருக்கும் அண்ணி. புதுசாத்தான் இருக்கும். நான் என்னமோ உளறிட்டேன். மீனும் இல்ல ஒண்ணும் இல்ல... ஆமா, ஆமா, என் நாக்குதான்... நாக்குதான் தப்பாச் சொல்லி..."

அண்ணனைக் காப்பாற்ற அந்த ஒரு பொய் போதும். நாக்கு கெட்டுவிட்டது என்று சொன்னால் தீர்ந்தது. ஆனால் விடிந்தால் தேர்வு. தன் நாக்கைத் தானே பொய் என்று சொல்லிவிட்டு, எந்த முகத்தோடு அந்த மூன்று தட்டுக்கு முன்னால் போய் உட்காருவது? எறும்பு இன்னொரு சிப்ஸை எடுத்து, அவசரப்படாமல் மென்றாள்.

"அண்ணி... இல்ல அண்ணி. என் நாக்கு நல்லாத்தான் இருக்கு. மீன்தான்... ஆமா, நிச்சயமாத்தான் சொல்றேன்... எத்தனை தடவையா?... ரெண்டு அண்ணி. ரெண்டும் ஒரே மீன் இல்ல. முதல்ல மத்தி, அதுக்கு மேல நெத்திலி... அண்ணா, மன்னிச்சிடு அண்ணா! உன் நல்லதுக்குத்தான்!... அண்ணி, அடிச்சிடாதீங்க, நெஞ்சு வலிக்காரர்... அண்ணா, கேக்குதா? நாளைக்கு நான் பாஸ் அண்ணா! பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு!... ஹலோ?... அண்ணா?... ஹலோ?..."