நாற்பத்தொன்றாம் பக்கம்

பழைய புத்தகத்தை இணையத்தில் வாங்குவதில் ஒரு வசதி உண்டு, இன்ஸ்பெக்டர். முதல் பக்கத்தையும் படம் பிடித்துப் போடுவார்கள். யார் வைத்திருந்தது என்று தெரிந்துவிடும்.

நான் கருப்பசாமி. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பத்தாறு வருடம் உழைத்து ஓய்வு பெற்றவன். இப்போது மகன் செந்தில்நாதனின் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். மகள் ஹரிணி, பக்கத்து ஊரான வடக்குத்தைச் சேர்ந்த காண்ட்ராக்ட் தொழிலாளி நெடுமாறனோடு போய் இரண்டு வருடம் ஆகிறது. அதன்பிறகு செந்தில்நாதனுக்கு வந்த மூன்று சம்பந்தங்களும் நின்றுபோயின. எங்கள் பிளாக்கில் யாரும் என் முகத்துக்கு நேரே எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

சென்னை, கோவை என்று ஆள் விட்டுத் தேடினேன். கிடைக்கவில்லை. போன மாதம் இணையத்தில் ஓர் அகராதி விற்பனைக்கு வந்திருந்தது. முதல் பக்கத்தில் என் கையெழுத்து: ‘ஹரிணிக்கு, அப்பா.’ அதையும் விலைக்கு வைத்திருந்தாள்.

சேத்தியாத்தோப்பில் இருக்கும் நண்பர் குழந்தைவேலின் பெயரில் வாங்கினேன். பார்சலில் இணையக் கம்பெனிக் கிடங்கின் முகவரிதான் இருந்தது, அவளுடையது இல்லை. அவளிடமே மேலும் மூன்று புத்தகங்கள் வாங்கி, ஒவ்வொன்றிலும் நானே ஒரு தாளைக் கிழித்தேன். பக்கம் குறைகிறது, திருப்பி அனுப்ப முகவரி வேண்டும் என்று எழுதினேன். மூன்று முறையும் மன்னிப்புக் கேட்டு, புத்தகம் உங்களிடமே இருக்கட்டும் என்று பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எரிச்சலாக இருந்தது. இவ்வளவு நல்லவர்களாக இருந்தால் ஒரு மனிதன் என்னதான் செய்வது?

ஐந்தாவது புத்தகத்தில் நாற்பத்தொன்றாம் பக்கத்தைக் கிழித்தேன். எதையும் சும்மா வாங்கிக்கொள்ளும் குடும்பம் இல்லை எங்களுடையது என்று எழுதி, குழந்தைவேலின் போன் நம்பரையும் போட்டேன். நெடுமாறன் கூப்பிட்டபோது குழந்தைவேலாக நானே பேசினேன். என் குரலை அவன் கேட்டதில்லை.

“சார், கோச்சிக்காதீங்க. எங்க வூட்டுக்காரி ஒவ்வொரு பக்கமா எண்ணிகினுதான் பார்சல் கட்டுது. எப்பிடி இப்பிடி ஆவுதுன்னே தெரியல.”

“அப்ப நான் பொய் சொல்றேனா தம்பி?”

“ஐயய்யோ, இல்லீங்க.” பின்னால் ஒரு பெண்குரல். அவன் சிரித்தான். “வூட்டு அட்ரஸையே குடுக்கச் சொல்லுது. பெரியவரு ஏமாறக் கூடாதாம். எழுதிக்கிறீங்களா?”

எழுதிக்கொண்டேன். பண்ருட்டி. நெய்வேலியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

மறுநாள் காலை அவன் வேலைக்குப் போகும்வரை காத்திருந்துவிட்டுக் கதவைத் தட்டினேன். திறந்த ஹரிணி என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தப் போனாள். ஆனாலும், “உள்ள வாங்கப்பா, தண்ணி கொண்டாரேன்” என்றாள். பையில் புத்தகத்தோடு அரிவாளும் இருந்தது. அவள் திரும்பி நடந்தபோது எடுத்தேன். கொன்றது நான்தான். செந்தில்நாதனுக்கு எதுவும் தெரியாது.

ஒன்றை மட்டும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் ஏமாறக் கூடாது என்று உண்மையான முகவரியைக் கொடுத்தாள் பாருங்கள், அது எங்கள் வீட்டு வளர்ப்பு.