நாலு வரிசையும் இன்னும் படிக்காத அத்தியாயம்

மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, சக ஆசிரியர்களே, பெற்றோர்களே, அழுது ஓய்ந்து எதிரே உட்கார்ந்திருக்கும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளே!

நான் வரலாற்று ஆசிரியன். மறைந்த நம் நாலுகதை டீச்சரின் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரை அமைதியின் வடிவம் என்றார்கள். அமைதியா? அந்த வகுப்பிலா? கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நாலுகதை டீச்சர் என்ற பெயர் அவருக்கு ஏன் வந்தது? பாடத்தில் தடித்த நாவல் ஒன்று. ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டுகிறார்கள். கட்டுகிற இஞ்சினியர், பிழைப்பு போகப்போகிற படகுக்காரர், வேலையாட்களுக்குச் சமைத்துப் போடும் பெண், சிமெண்டில் கை வைத்துக் காசு பார்க்கும் மேஸ்திரி என்று நாலு கதைகள் மாறி மாறி வரும். வருஷா வருஷம் பிள்ளைகள் தலை சுற்றிப் போய்ப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். இவர் என்ன செய்தார்? நாலு பெஞ்சு வரிசைக்கும் வரிசைக்கொரு கதையைக் கொடுத்தார். உன் கதையின் அத்தியாயங்களை மட்டும் நீ படி, மற்றதைப் பக்கத்து வரிசையிடம் கேள் என்றார்!

அப்புறம் கேட்கவா வேண்டும்? படகுக்காரர் வரிசைக்கு இஞ்சினியர் படுபாவி. இஞ்சினியர் வரிசைக்குப் படகுக்காரர் வீம்புக்காரர். சுவருக்கு இந்தப் பக்கம் நான் மன்னர்களின் போரை நடத்திக்கொண்டிருப்பேன்; உண்மையான போர் அந்தப் பக்கம் நடக்கும்.

இரட்டைப் பெண்களின் அம்மா ஒருவர் ஒரு நாள் சண்டைக்கே வந்துவிட்டார். “என்ன டீச்சர் இது? ரெண்டும் வீட்ல மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் திரியுதுங்க. கேட்டா இஞ்சினியருங்கறா ஒருத்தி, படகுக்காரருங்கறா இன்னொருத்தி!”

“நீங்க யாரு பக்கம்மா?” என்றார் டீச்சர்.

“நானா? பாவம், அந்தச் சமைக்கிற பொண்ணு பக்கம்தான்” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாவே சிரித்துவிட்டார். அந்த மாதிரிப் பாடம் நடத்த நம்மில் யாருக்கு வரும்?

தலைமையாசிரியர் அவர்களே, நீங்களும் அன்று அவரைக் கூப்பிட்டு, “பரீட்சைக்கு மெயின் கதை போதும் டீச்சர், மத்ததெல்லாம் சைடுதானே” என்றீர்கள். அவர் சொன்ன பதில் நினைவிருக்கிறதா? “படகுக்காரர்கிட்டப் போய், நீங்க சைடுன்னு சொல்லிப் பாருங்க சார்!”

எனக்கு அவர் மேலும் கோபம் உண்டு. மாரடைப்பு நேரம் பார்த்தா வரும் என்கிறீர்கள். சரி. ஆனால் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி இருக்கும்போதா போவது! பாலம் திறக்கும் நாளில் நாலு பேரும் ஒரே இடத்துக்கு வரும் அத்தியாயம் அது. அதை எந்த வரிசையும் தொடக்கூடாது, கடைசியில் எல்லோரும் சேர்ந்து படிக்கலாம் என்று அடக்கி வைத்திருந்தார். இந்தப் பிள்ளைகள் சத்தியமாகத் தொடவில்லை.

இன்று காலை ஒரு சுற்றறிக்கை வந்தது. திங்கள் முதல் இஞ்சினியர் கதை மட்டும், அதுவும் சுருக்கமாக, மற்ற நேரம் தேர்வுப் பயிற்சி. காலையில் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாலையில் இதே ஒலிபெருக்கியில் “ஈடு செய்ய முடியாத இழப்பு” என்கிறீர்களே ஐயா, உங்களுக்கே நியாயமாகப் படுகிறதா? மூன்று வரிசைப் பிள்ளைகளுக்கு அந்த இஞ்சினியரை எதிராளியாக மட்டும்தான் தெரியும். இத்தனை மாதம் அவர்கள் கட்டிக்காத்த கதைகளை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? குப்பையில் போடவா?

திங்கட்கிழமை இரண்டாம் பாடவேளையில் என் வகுப்பு நடக்காது. நான் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பேன். நடவடிக்கை எடுப்பதானால் தாராளமாக எடுங்கள்.

பிள்ளைகளே, நாலு வரிசையும் புத்தகத்தோடு வாருங்கள். எனக்கு நாவல் நடத்தத் தெரியாது. நீங்கள் படியுங்கள், சண்டை போடுங்கள், நான் கேட்கிறேன். நீங்கள் நாலு வரிசையும் ஒன்றாக அந்தப் பாலத்துக்கு வந்து சேர்வதைப் பார்க்கத்தான் உங்கள் டீச்சர் ஆசை ஆசையாகக் காத்திருந்தார். அவருக்கு அது கிடைக்கவில்லை. உங்களுக்கும் கிடைக்காமல் போக நான் விடமாட்டேன்.