படகுப் பயணத்துக்கு நான் தெரிவித்த மறுப்பு

பெயர் பழனியாண்டி. தகப்பனார் காலஞ்சென்ற முத்துக்கறுப்பன். வயது நாற்பத்தொன்று. இந்தத் தீவில் பெல் ஒம்ப்ரு ஊருக்கு மேலே மலையடியில் இரண்டு ஆர்பான், ஏக்கர் கணக்கில் இரண்டுக்குச் சற்றுக் கூடுதலான நிலத்தில் கரும்பு வைத்திருக்கிறேன். படகை உடைத்ததாக என் மேல் வந்திருக்கும் புகார் பற்றி, யாரும் மிரட்டாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல் இதைச் சொல்கிறேன்.

1926ஆம் வருஷம் ஜனவரி 12ஆம் தேதி, இரண்டு முறை கூடி விவாதித்த பிறகு, படகுக்குப் பச்சை வண்ணம் அடிப்பது, நீலம் அடிப்பதில்லை என்று நீர்வழிப் பயணக் குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. குழு என்பது எங்கள் பக்கத்துக் கரும்புத் தோட்டத்துப் பிரெஞ்சுக்கார மேலாளர் மிஸ்யே எட்மோன், அவருடைய தங்கை மகன் மிஸ்யே ஜில்பெர், தோட்டத்துக் கூலிகளுக்குக் கங்காணியான சிர்தார் துரைசாமி ஆகிய மூவர். துரைசாமி என் மனைவி கோவிந்தம்மாவின் அண்ணன். மேட்டு ஏரியில் படகை இறக்கி, பெரிய ஆற்றில் வந்து, சிற்றாற்றுக்கு மாறி, மூன்றாம் நாள் கடலைச் சேர்வது அவர்கள் திட்டம். மழைக்காலத்தில்தான் ஆற்றில் படகு மிதக்கத் தண்ணீர் இருக்கும் என்பதால் பிப்ரவரி மாதத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மிஸ்யே ஜில்பெர் வரைந்த படத்தில் இரண்டு ஆறுகளும் சேர்ந்திருந்தன. தரையில் அவை சேரவில்லை. பெரிய ஆற்றிலிருந்து என் நிலம் வரைக்கும் என் தகப்பனார் தோட்டத்துக் கூலி ஒப்பந்தம் முடிந்து வந்து தன் கையால் வெட்டிய வாய்க்கால் ஒன்று உண்டு. அகலம் ஒன்றரை முழம். என் கரும்புக்கு அதைத் தவிர வேறு தண்ணீர் கிடையாது. படகின் அகலம் இரண்டரை முழம். ஆகவே வாய்க்காலை அகலமாக்கி, என் நிலத்தின் குறுக்கே வெட்டி, சிற்றாற்றோடு சேர்ப்பது என்று குழு தீர்மானித்தது. நிலத்துக்காரரின் சம்மதத்தைக் கேட்டே செய்ய வேண்டும் என்றும் தீர்மானித்தார்களாம். அதற்காக அவர்களுக்கு என் நன்றி.

அதன் பிறகு ஜனவரி 28ஆம் தேதி தைப்பூசம். ஊர் முழுவதும் ஆற்றங்கரையில் கூடும் நாள் அது ஒன்றுதான் என்பதால் குழு அன்றைக்கு அங்கே வந்தது. பத்து நாள் விரதம் இருந்து, குளித்து, நாக்கிலும் இரண்டு கன்னத்திலும் வேல் குத்திக்கொண்டு, தோளில் காவடியோடு நான் ஈரத்துணியில் நின்றிருந்தேன். துரைசாமி ஒரு பெட்டியின் மேல் ஏறித் தீர்மானங்களைத் தமிழில் வாசித்தார். முதலில் வண்ணம். அடுத்துப் பயணத்துக்கு ரொட்டி, எத்தனை என்பது உட்பட. மூன்றாவது என் வாய்க்கால். வாசித்து முடித்து என்னைப் பார்த்து, "நிலத்துக்காரருக்கு மறுப்பு இருந்தா இப்பவே வாயைத் திறந்து சொல்லணும்" என்றார்.

நான் வாயைத் திறக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். என் நாக்கில் வேல் குத்தும்போது என் தலையைப் பிடித்துக்கொண்டவர் அவர்தான். நான் தலையை இரண்டு பக்கமும் பலமாக ஆட்டினேன். காவடியும் மயிலிறகும் சேர்ந்து ஆடின. மேளக்காரர் அதைப் பார்த்து அடிக்க ஆரம்பித்துவிட்டார். நிலத்துக்காரர் மறுக்கவில்லை, மகிழ்ச்சியில் ஆடினார் என்று குழுவின் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருப்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு நாக்கு ஆற நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் துரைசாமி வீட்டுக்குப் போய் எனக்குச் சம்மதம் இல்லை என்று சொன்னேன். "எழுதியாச்சு மாப்பிள்ளை. எழுதினதை நான் அழிச்சா மிஸ்யே என்னை அழிச்சிடுவாரு" என்றார். உடன் வந்த கோவிந்தம்மா, "நாக்குல வேல் இருக்கிற ஆளைத் தேடிப் போயா சம்மதம் கேட்டீங்க? என்னைக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன், எனக்கு நாக்கு சும்மாதானே இருந்துச்சு" என்று அண்ணனைக் கேட்டாள். அதற்கு அவர், நிலப்பத்திரத்தில் அவள் பெயர் இல்லை என்றார். மறுப்பு ஏதும் இருந்தால் அடுத்த கூட்டத்தில் வைக்கலாம் என்றும், அடுத்த கூட்டம் பயணம் முடிந்த பிறகு என்றும் சொன்னார்.

அதன் பிறகு பிப்ரவரி 8ஆம் தேதி எட்டு ஆட்கள் வந்து நிலத்தை வெட்டினார்கள். நான்கு வரிசைக் கரும்பு போயிற்று. மீதிக் கரும்புக்குப் பாய வேண்டிய தண்ணீர் நிற்காமல் நேராகச் சிற்றாற்றுக்கு ஓடிவிட்டது.

அதன் பிறகு 15ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு, வெள்ளோட்டம் பார்க்கப் படகை மாட்டுவண்டியில் கொண்டுவந்து என் வரப்பில் இறக்கினார்கள். பச்சை வண்ணம் நன்றாக இருந்தது. மிஸ்யே இருவரும் படத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயணத்து ரொட்டி மூன்று நாள் தாங்குமா என்று துரைசாமி ஒன்றைத் தின்று சோதித்துக்கொண்டிருந்தார். நான் கோடாலியோடு போய், எல்லாருக்கும் கேட்கும்படி, "இந்தப் படகை உடைக்கப் போறேன். யாருக்காச்சும் மறுப்பு இருந்தா இப்பவே வாயைத் திறந்து சொல்லணும்" என்று தமிழில் இரண்டு முறை கேட்டேன். மிஸ்யே இருவருக்கும் தமிழ் தெரியாது. எட்டு ஆட்களுக்கும் தெரியும். அவர்கள் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். துரைசாமி வாய் நிறைய ரொட்டியோடு கையைத் தூக்கித் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். மகிழ்ச்சியில் ஆடுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு படகின் அடிப்பலகையில் மூன்று வெட்டு வெட்டினேன். கோபத்தில்தான் வெட்டினேன். அந்தக் கோபம் இப்போதும் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள்.

என்னால்தான் பயணம் கெட்டது என்று புகாரில் இருக்கிறது. என் நிலத்துக்குக் கீழே சிற்றாறு பத்து ஆள் உயரத்தில் அருவியாக விழுகிறது. படத்தில் அது இல்லை. ஊரில் எல்லாருக்கும் தெரியும், குழு யாரையும் கேட்கவில்லை. அவர்களைக் காப்பாற்றத்தான் உடைத்தேன் என்று நான் சொல்ல மாட்டேன். வாய்க்காலுக்காக உடைத்தேன். வெட்டிய இடத்தை இன்றுவரை அவர்கள் மூடவில்லை, என்னையும் மூட விடவில்லை.

மேலே கண்டது முழுவதும் நான் என் வாயால் சொன்னது. வாசித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) மு. பழனியாண்டி

சொல்லக் கேட்டு எழுதியவர்: மருதை, கோயில் பள்ளி ஆசிரியர். தமிழ் மூலம் நான்கு பக்கம்.

நீதிபதியின் பார்வைக்காகப் பிரெஞ்சில் பெயர்த்தவர்: சிர்தார் துரைசாமி. பெயர்ப்பு மூன்று வரி.