உப்பிப்போன பேட்டரி

— கைய எடு பாய். நான் பார்க்கப் பார்க்கத்தான் அதப் பிரிக்கணும்.

— பூபதியண்ணே, போன் போட்டு கிருஷ்ணகிரியிலருந்து வரச் சொன்னது நீங்க. இப்பக் கைய எடுங்கறீங்க. டப்பாவத் தொறக்காம என்னத்தப் பார்க்கறது?

— தொற. ஆனா ஒரு செல்லுகூட உன் பாக்கெட்டுக்குள்ள போகக்கூடாது, ஆமா. பேட்டரி பூரியாட்டம் உப்பிக் கெடக்கு. இதத்தான் என் தங்கச்சி சுப்ரியா முதுகுல கட்டிக்கிட்டுப் பாராசூட்டுல பறக்கணுமா? பெட்ரோல் மோட்டாரே போதும்னேன். கரண்டு மோட்டாருன்னா பொகையில்ல, சத்தமில்லன்னு ஆசை காட்டினது நீ.

— ஆசைப்பட்டது நீங்கண்ணே. ஃபேனும் ஃபிரேமும் உங்க லேத்துப் பட்டறைல நீங்களே பண்ணினீங்க. பேட்டரி மட்டுந்தான் இந்த ஃபைஸானோடது.

— அதத்தான் நானும் சொல்றேன். ஃபிரேமு நிக்குது, ஃபேனு சுத்துது, உன் சரக்கு மட்டும் உப்புது. பழைய லேப்டாப்ப ஒடச்சு எடுத்த செல்லுதான?

— அல்லா மேல ஆணையா புதுசுண்ணே. இந்தா பாருங்க, செல்லு மேலயே ரெண்டாயிரத்தெட்டுன்னு அச்சிருக்கு. ஒரு வருசம்கூட ஆகல.

— அச்சு யாரு வேணா அடிக்கலாம். ஓசூர்ல கேட்டா என் பேரையே அடிச்சுத் தருவான்.

— எங்கயாவது கீழ விழுந்துச்சா?

— பேச்ச மாத்தாத.

— சார்ஜுல போட்டுட்டு மறந்துட்டீங்களா?

— நான் உன்னக் கேட்டா நீ என்னக் கேக்கற! திருடன் கையில சாவியக் குடுத்த கதையால்ல போச்சு.

— திட்டுங்க. திட்டிக்கிட்டே இங்க பாருங்க. அடி வரிசைல மட்டும் பச்சையாப் பூத்திருக்கு. மேல் வரிசை பளபளன்னு இருக்கு. பழைய செல்லுன்னா ரெண்டும்ல கெட்டிருக்கணும்?

— என்ன பச்சை?

— தண்ணி எறங்கி அடியில தங்கியிருக்கு. மழைல நனைஞ்சுதா?

— என் பட்டறை ஒழுகாது. இந்தப் பேரிகை ஊர்ல மழையப் பார்த்தே மாசமாச்சு.

— அப்ப டப்பா மேல சந்தனம் ஏது?

— ஆயுத பூசைக்கு வெச்சது. லேத்து, வெல்டிங் மிசினு, எல்லாத்துக்கும் வெச்சோம். ஏன், சாமிக்குப் பொட்டு வெச்சா செல்லு கெட்டுருமா? பழியக் கொண்டுபோய் அங்க போடப் பாக்கறியா?

— பொட்டு வெச்சாக் கெடாதுண்ணே. வெக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?

— கழுவுவோம். அழுக்கு மேல எவனாவது பொட்டு வெப்பானா? வண்டியோட வண்டியா பம்ப்பு போட்டு...

— சொல்லுங்க.

— தொடச்சு வெயில்ல நல்லாக் காய வெச்சோம் பாய்.

— உள்ள போன தண்ணி துணிக்கு வருமா? மோட்டார் இழுக்கற இழுப்புல சூடேறி குப்புனு பத்திக்கும்ணே. பக்கத்துல நிக்க முடியாது. இன்னொரு பேட்டரி குடுத்தனே, அதையும் கழுவினீங்களா?

— ரெண்டையும் ஒண்ணாத்தான்... ஆனா அது உப்பல. தொட்டா சில்லுனு இருந்துச்சு.

— உப்பலேன்னா நல்லதுன்னு யாரு சொன்னா? இதாவது உப்பிக் காட்டிக் குடுத்துச்சு. எங்க அது? எடுங்க, மொதல்ல வெளிய மண்ணுல கொண்டுபோய் வெச்சுரலாம்.

— பறக்கறதப் பாக்கணும்னு பெங்களூருக்காரங்க வந்துட்டாங்க பாய். உன்மேல சந்தேகம்... இத ஒதுக்கி வெச்சுட்டு, நல்லதாப் பாத்து அந்த இன்னொண்ண என் கையாலயே கட்டி விட்டேன். வெளிய வா, அண்ணாந்து பாரு. சுப்ரியா மேல இருக்கா.