ஒல்லி ஸ்பீக்கருக்கு ஒரு சின்ன உதவி

எங்கள் வீட்டுக் கூடம் பத்துக்குப் பத்துதான். அதில் ஒரு சோபா, ஒரு டிவி, என் மனைவி கவிதாவின் பீரோ. மீதி இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், நான் செய்தது அத்தனையும் நியாயமாகவே தெரியும்.

தலைவர் பச்சைமுத்து அண்ணனுக்கும் மாரியம்மன் கோயில் விழாக் கமிட்டிக்கும் வெற்றிவேல் எழுதித் தருவது. நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

அவலூர்பேட்டையில் இருக்கும் என் சகலை அரங்கநாதன், அதாவது கவிதாவின் அக்கா புருஷன், ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு வைத்திருக்கிறார். அவர் வீட்டில் சண்டைப்படம் போட்டால் டீப்பாய் மேல் இருக்கும் தண்ணீர்ச் சொம்பு தானாக நகரும். எங்கள் கூடத்தில் அதை வைத்தால் நாங்கள் வாசலில்தான் உட்கார வேண்டும். அதனால் மூன்று மாதம் யோசித்து, செஞ்சி கடைவீதியில் ஒல்லியான ஸ்பீக்கராகப் பார்த்து வாங்கினேன். இரண்டு விரல் கனம். சுவரில் மாட்டினால் காலண்டர் மாதிரி ஒட்டிக்கொள்ளும். கடையிலேயே டேப் வைத்து நீளம், அகலம், கனம் மூன்றும் அளந்தேன். பாட்டுப் போட்டுக் கேட்கவில்லை. அளவு சரியாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகலை வந்தார். படம் போட்டேன். பத்து நிமிஷம் பொறுமையாகப் பார்த்தார்.

"இன்னா சகல, ஸ்பீக்கர் எப்ப வருது?"

"அதான் மாட்டியிருக்குதே."

எழுந்து போய் விரலால் தட்டிப் பார்த்தார். "இதுவா? நான் ரோட்ல எவனோ போன்ல படம் பாக்கறான்னு நெனச்சேன்."

அவர் சிரித்தது எனக்குப் பெரிதில்லை. கவிதாவும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. மூன்று மாதம் யோசித்து எடுத்த முடிவு தப்பென்று ஒருவன் சொந்த வீட்டில் ஒப்புக்கொண்டால், அப்புறம் அவனைத் தக்காளி வாங்கக்கூடத் தனியாக அனுப்ப மாட்டார்கள். "புது ஸ்பீக்கர், கொஞ்சம் பழகணும். ஆடி வெள்ளிக்குக் கூழ் குடிக்க வாங்க, அப்ப கேளுங்க" என்றேன்.

கோயில் ஸ்டோர் ரூம் சாவி என்னிடம்தான் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். போன வருஷம் ராஜம்மாள் குடும்பத்தார் உபயமாகக் கொடுத்த பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் அங்கேதான் இருந்தது. கூழ் ஊற்றும் நாளில் மட்டும் பேசும், மற்ற நாளெல்லாம் சும்மா கிடக்கும். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு மத்தியானம் கேழ்வரகு மூட்டைச் சாக்கில் போட்டுக் கட்டி, மொபெட்டில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஏற்றும்போது சாக்கின் மறுமுனையைப் பிடித்தது நீங்கள்தான் அண்ணே. "கேவுரு இம்மாங் கனமா?" என்று கேட்டீர்கள். நல்ல விளைச்சல் என்றேன்.

வைக்க இடம் வேண்டுமே. கவிதா அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் பீரோவின் பின்பக்கத் தகட்டை வெட்டி, தட்டுகளைக் கழற்றி, பாக்ஸை உள்ளே நிறுத்தி, ஒல்லி ஸ்பீக்கரோடு ஒயரால் இணைத்தேன். பட்டுப்புடவைகளை ஒரு பழைய போர்வையில் கட்டிப் பரண்மேல் போட்டேன். பீரோ அவள் அப்பா கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்தது. முன்பக்கத்தில் நான் ஒரு கீறல்கூட விழ விடவில்லை.

பீரோ சாவி தொலைந்துவிட்டது என்று அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவளோடு சேர்ந்து நானும் மூன்று நாள் தேடினேன். சிங்கவரத்தில் அவள் சித்தி மகள் கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டு மங்கையிடம் இரவல் புடவை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். கொஞ்சம் வெளுத்த புடவைதான், ஆனாலும் அவளுக்கு எடுப்பாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன்.

ஆனால் சத்தம் வந்தது அண்ணே. படத்தில் ஒரு கதவைச் சாத்தினால் எங்கள் ஜன்னல் ஆடியது. "இன்னாங்க, பீரோ அதிருது" என்றாள் கவிதா. "ஸ்பீக்கர் பழகிடுச்சு" என்றேன். அவள் மங்கையைக் கூப்பிட்டு, "பாக்கத்தான் ஒல்லி, எங்க வூட்டுக்காரரு பாத்து வாங்கினது" என்று பெருமையாகச் சொன்னாள். அந்தப் பெருமைக்காகத்தான் எல்லாம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாக்ஸைக் காணோம் என்று தெரியவந்தது. பூட்டு சும்மா பூட்டின மாதிரி தொங்கும், யார் இழுத்தாலும் திறந்துகொள்ளும் என்று நான் சொன்னேன், எல்லாரும் ஒத்துக்கொண்டீர்கள். தெருவெல்லாம் முன்னால் நின்று தேடினேன். அம்மன் முன்னால் எல்லாரும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று யோசனை சொன்னதும் நான்தான். தட்டையும் நானே பிடித்தேன். தட்டைப் பிடித்திருப்பவன் சூடம் அணைக்க முடியாது. இதை யாரும் யோசிக்கவில்லை. நான் யோசித்திருந்தேன்.

துரைக்கண்ணு அண்ணன் விஷயத்தில்தான் எனக்கு வருத்தம். இருபது வருஷமாக மைக்கில் உபயதாரர் பெயர் வாசிக்கிறவர். அவருக்குக் கை நடுக்கம் உண்டு. ஒரே அடியில் அணைய வேண்டிய சூடம் மூன்றாவது அடியில்தான் அணைந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நான் தட்டைச் சாய்க்காமல் பிடித்திருந்தேன். இந்த வருஷம் அவர் பெயர் வாசிக்க வேண்டாம் என்று கமிட்டி முடிவு செய்தது. மறுநாள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பாக்ஸோடு வந்த ஒயரில்லா மைக் அவர் வீட்டில் இருந்ததை நான் மறந்துவிட்டேன். அது வேறு எந்தப் பெட்டியிலும் பேசாது. தினமும் அந்த மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக் காது கொடுத்துக் கேட்டுப் போனார். அவமானத்தில் மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தெருவே பேசியது. எங்கள் வாசலுக்கு வந்தபோது டிவி, ஸ்பீக்கர் எல்லாம் அணைத்திருந்தது. நானும் பாவம் என்று ஒரு சொம்பு மோர் கொடுத்தேன்.

ஆடி வெள்ளி, காலை பதினொரு மணி. கோயிலில் வாடகைக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தீர்கள். சகலை என் சோபாவில் உட்கார்ந்திருந்தார். படத்தில் யானைகள் ஓடிவந்தன, சொம்பு நகர்ந்தது. "சகல, நான் சொன்னது தப்பு" என்றார். கவிதா என்னைப் பார்த்தாள். என் ஆயுளில் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

அப்போது பீரோ, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றது.

நான் பதறவில்லை. "சரவுண்ட் சவுண்ட்" என்றேன்.

"ரொம்ப கிளியரா கீது" என்றார் சகலை.

பீரோ தொண்டையைச் செருமிக்கொண்டது. "ராஜம்மாள் குடும்பத்தார், கேழ்வரகு மூணு மூட்டை. பச்சைமுத்து குடும்பத்தார், வெல்லம் ஒரு மூட்டை." அடுத்தபடியாக, "வெற்றி, என் கொரல் உன் வூட்லருந்துதான்டா வருது" என்றது.

கவிதா எழுந்து பீரோவைச் சுவரிலிருந்து இழுத்தாள். மற்றதை நீங்களே வந்து பார்த்தீர்கள்.

பரண்மேல் இருந்த புடவைகளை எலி கடித்திருந்தது. கவிதா இப்போது அவலூர்பேட்டையில் அக்கா வீட்டில் இருக்கிறாள், ஆளுயர ஸ்பீக்கரில் படம் பார்க்கிறாள். துரைக்கண்ணு அண்ணனுக்குப் பெயர் வாசிக்கும் வேலை திரும்பக் கிடைத்தது. பாக்ஸை எடுத்தது நான்தான், பழி அவர் மேல் விழ விட்டதும் நான்தான். எதையும் மறைக்கவில்லை.

ஒன்று மட்டும் பதிவாக வேண்டும். பாக்ஸை நான் பாதிச் சத்தத்துக்கு மேல் வைத்ததே இல்லை. யானையை ஓட வைத்தது என் ஒல்லி ஸ்பீக்கர்தான், பாக்ஸ் சும்மா துணைக்கு நின்றது. இதற்கு அம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யவும் நான் தயார். வழக்கம்போல தட்டை நானே பிடித்துக்கொள்கிறேன்.